செயின் அறுத்தவன் பிடிபடல, அம்மாவுக்கு இழப்பீடு கிடைக்குமா?

வலங்கைமான் பக்கத்துலேருந்து ஒரு தங்கச்சி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேரு ஊரு வேண்டாம்னு கேட்டதால அடையாளம் தெரியாத மாதிரி சுருக்கிச் சொல்றேன்.

அவங்க அம்மாவுக்கு 57 வயசு. பாபநாசம் தாலுகாவுல ஒரு கிராமம், கொடிக்கால்ல வெத்தலை கிள்ளி கவுளி கட்டுற வேலை. 2025 ஜனவரியில, பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி, விடியக்காலம் அஞ்சேகாலுக்கு அப்பாவோட டி.வி.எஸ். எக்ஸெல்ல பின்னாடி உக்காந்து கொடிக்காலுக்குப் போயிருக்காங்க. மார்கழிப் பனி, எதிர்ல வர்ற ஆளு தெரியாது. பின்னாலேருந்து பைக்ல வந்த ரெண்டு பேர் பக்கத்துல ஒட்டி வந்து நாலரை பவுன் தாலிச்செயினை இழுத்திருக்கானுங்க, செயின் உடனே அறுந்து வரல, அம்மா வண்டியிலேருந்து சரிஞ்சு ரோட்டுல கொஞ்ச தூரம் இழுபட்டு விழுந்திருக்காங்க. செயின் போச்சு, தாலியும் ரெண்டு குண்டும் மட்டும் ரோட்டுல கிடந்ததை அப்பா டார்ச் அடிச்சு தேடி எடுத்திருக்காரு. வலது இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில ஆபரேஷன், 19 நாள் பெட்ல. செலவு 1,85,000 ரூபாய், அதுல பெரும்பகுதி வட்டிக்கு வாங்கினது. இப்ப 14 மாசம் ஆச்சு, வாக்கர் வச்சுதான் நடக்குறாங்க, கொடிக்கால் வேலை முடிஞ்சே போச்சு. கழுத்துல மஞ்சக்கயிறு. தெருவுல பைக் சத்தம் கேட்டா திண்ணையில உக்காந்திருக்கவங்க முந்தானைய இழுத்து கழுத்தை மூடிக்கிறாங்களாம்.

மறுநாள் எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு. ஆளு கிடைக்கல. ஸ்டேஷன்ல கேட்டா "தேடிட்டு இருக்கோம்"னு மட்டும்தான் பதில்.

தங்கச்சி கேக்குற கேள்விகள் இதுதான். திருடன் பிடிபடாம அரசாங்கம் காசு தருமா? அட்மிஷன் போடும்போது தம்பி பயந்துபோய் "வண்டியிலேருந்து விழுந்துட்டாங்க"ன்னு சொல்லிட்டான், ஏ.ஆர். காப்பியிலயும் (ஆஸ்பத்திரியில எழுதுற விபத்துப் பதிவேட்டோட நகல்) அப்படியே எழுதிட்டாங்க, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா? கோர்ட் வாசல்ல ஒருத்தர் 15,000 கொடுத்தா 10 லட்சம் வாங்கித் தர்றேன்னு சொல்றாரு, இன்னொருத்தர் இதை ஆக்சிடென்ட் கேஸா மாத்திட்டா இன்சூரன்ஸ்ல இன்னும் ஜாஸ்தி வரும்னு சொல்றாரு, எதைக் கேக்குறது? அப்புறம் கடைசியா, நடக்க முடியாத அம்மாவை எல்லா ஆபீஸுக்கும் தூக்கிட்டுப் போகணுமா?

தங்கச்சி, உங்க லெட்டரையும் கூட அனுப்பின காகிதங்களையும் ரெண்டு தடவை படிச்சேன். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், உங்க கேஸ் நீங்க நினைக்கிற அளவுக்கு கெட்டுப்போகல. கெடுக்கக்கூடிய விஷயம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அது அந்த "ஆக்சிடென்ட்டா மாத்திடலாம்" யோசனை. அதுக்கு கீழே வர்றேன்.

திருடன் பிடிபடணும்னு அவசியம் இல்ல

நம்ம ஊர்ல எல்லாரும் நினைக்கிறது, குற்றவாளி பிடிபட்டு, கேஸ் நடந்து, தண்டனை ஆகி, அப்புறம்தான் காசுன்னு. சட்டம் அப்படி இல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 2009 கடைசியில 357ஏ-ன்னு ஒரு பிரிவு அமலுக்கு வந்துச்சு, 2024 ஜூலை 1-லேருந்து அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்துல அது 396-வது பிரிவா இருக்கு. உங்க அம்மாவுக்கு நடந்தது 2025-ல, அதனால மனுவுல 396-ன்னுதான் எழுதணும், 357ஏ-ன்னு யாராவது பழைய ஃபார்ம் கொடுத்தா திருத்திக்குங்க. அந்தப் பிரிவோட நாலாவது உட்பிரிவு உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கும். குற்றம் பண்ணவன் யாருன்னே தெரியல, வழக்கு விசாரணையும் நடக்கல, ஆனா பாதிக்கப்பட்டவங்க யாருன்னு தெரியும், அப்படின்னா அவங்களோ அவங்களைச் சார்ந்தவங்களோ நேரா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு கொடுக்கலாம். அஞ்சாவது உட்பிரிவு, ஆணைக்குழு விசாரிச்சு ரெண்டு மாசத்துக்குள்ள முடிக்கணும்னு சொல்லுது. நடைமுறையில ஸ்டேஷன் ரிப்போர்ட்டும் ஆஸ்பத்திரி காகிதமும் வந்து சேர்றதுக்கே அதைவிட நாளாகும், அதை இப்பவே மனசுல வச்சுக்குங்க, ரெண்டாவது மாசமே பணம் வரும்னு நம்பி யாருக்கும் கெடு சொல்லிடாதீங்க.

நீங்க கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு கொடுத்துட்டு எட்டு மாசமா காத்திருக்கேன்னு எழுதியிருக்கீங்க. கொடுத்தது தப்பில்ல, ஆனா இந்த இழப்பீட்டை முடிவு பண்ற இடம் அது இல்ல. மாவட்ட முதன்மை நீதிபதி தலைமையில நடக்குற ஆணைக்குழுதான் அந்த இடம், ஆபீஸ் தஞ்சாவூர் கோர்ட் வளாகத்துல இருக்கு. தஞ்சாவூர் தூரம்னா தாலுகா அளவுல வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கு, அங்க கொடுத்தா மேல அனுப்புவாங்க. குற்றம் நடந்தது பாபநாசம் பக்கம்ங்கறதால நீங்க இப்ப இருக்குற திருவாரூர் ஜில்லாவுல கொடுக்காதீங்க, ஃபைல் தேவையில்லாம ரெண்டு ஜில்லாவுக்கும் அலையும்.

எவ்வளவு கிடைக்கும், எதுக்கு கிடைக்காது

பெண்களுக்குன்னு தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018-ல ஒரு இழப்பீட்டுத் திட்டம் போட்டுச்சு, சுப்ரீம் கோர்ட் அதை ஏத்துக்கிட்டு நாடு முழுக்க அமல்படுத்தச் சொன்னது. பேர்ல பாலியல் குற்றம்னு முதல்ல வர்றதால பல பேர் இது அதுக்கு மட்டும்தான்னு நினைச்சுட்டு விட்டுடுறாங்க. பேரோட அடுத்த பாதி "மற்ற குற்றங்கள்". அதோட அட்டவணையில கொடுங்காயம், இல்லேன்னா சிகிச்சையும் மறுவாழ்வும் தேவைப்படுற மனபாதிப்பு, இதுக்கு 1 லட்சத்துலேருந்து 2 லட்சம் வரைக்கும். உறுப்பு பாதிச்சு நிரந்தர ஊனம் 20 சதவீதத்துக்கு மேல 40-க்குக் கீழன்னா 1 லட்சத்துலேருந்து 3 லட்சம், 40-க்கு மேல 80-க்குக் கீழன்னா 2-லேருந்து 4 லட்சம்.

எலும்பு முறிவுன்னாலே சட்டப்படி அது கொடுங்காயம். எத்தனை நாள் படுக்கையில இருந்தாங்கன்னு எண்ண வேண்டியதே இல்ல. அதனால ஒரு லட்சம் வரிசையில நீங்க நிச்சயமா மனு போடலாம், அதுக்கு மேல போறது அம்மாவோட ஊன சதவீதத்தைப் பொறுத்தது. இதுவரைக்கும் நீங்க அந்த சர்டிஃபிகேட்டே வாங்கல. மனு போடுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். அரசு ஆஸ்பத்திரியில மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு எலும்பு டாக்டர் பாக்குற நாள் எதுன்னு கேட்டு, பழைய எக்ஸ்ரே, ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்த எக்ஸ்ரே ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. யு.டி.ஐ.டி.ங்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் அதுலயே வந்துடும், அது வேற உதவிகளுக்கும் ஆகும்.

பைக் சத்தத்துக்கு கழுத்தை மூடுறாங்கன்னு எழுதினீங்களே, அதை நீங்க ஒரு வருத்தமா மட்டும் எழுதியிருக்கீங்க. அது மனுவுல வர வேண்டிய விஷயம். அரசு ஆஸ்பத்திரி மனநல ஓ.பி.யில ஒரு தடவை காட்டுங்க, ஓ.பி. சீட்டுல டாக்டர் எழுதுறது ரெக்கார்டு. காசுக்காக மட்டும் சொல்லல, 14 மாசமா ஒரு பொம்பளை பயந்து பயந்து திண்ணையில உக்காந்திருக்காங்க, அதுக்கு வைத்தியம் இருக்கு.

இனி கிடைக்காதது. நாலரை பவுன் செயினுக்கு இந்தத் திட்டத்துல காசு வராது. இது உடம்புக்கும் மனசுக்கும் பட்ட பாதிப்புக்கு, அதனால வந்த வருமான நஷ்டத்துக்கு, மருத்துவச் செலவுக்கு. செயின் விஷயம் தனி, ஆளைப் பிடிச்சு ரெக்கவரி ஆனா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல மனு போட்டு கேஸ் முடியறதுக்கு முன்னாலயே வாங்கலாம், அதுக்கு நகைக்கடை ரசீது வேணும். பொங்கல் சுத்தம் பண்றப்ப பழைய ரசீதையெல்லாம் கிழிச்சுப் போட்டுடாதீங்க. ரசீது இல்லேன்னா அம்மா அந்தச் செயினோட இருக்குற கல்யாணம் காதுகுத்து போட்டோ ரெண்டு மூணு எடுத்து வைங்க.

அப்பாவுக்கு கையில சிராய்ப்புன்னு சொன்னீங்க. அது சின்ன காயம், அவருக்குன்னு தனியா மனு போட்டா நிக்காது. ஆனா அவர் இந்த கேஸ்ல கண்ணால பாத்த சாட்சி, அதுதான் அவரோட முக்கியத்துவம்.

அந்த ஏ.ஆர். காப்பி

இப்ப உங்களை ராத்திரி தூங்க விடாத விஷயத்துக்கு வர்றேன். ஏ.ஆர். காப்பியில "இருசக்கர வாகனத்திலிருந்து தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது"ன்னு இருக்கு. தம்பி ஏன் அப்படிச் சொன்னான்னா, போலீஸ் கேஸ்னா அட்மிஷன் போட மாட்டாங்கன்னு யாரோ அவனுக்கு எப்பவோ சொல்லி வச்சிருக்காங்க. அவனைத் திட்டாதீங்க, அம்மா வலியில கத்துறப்ப 24 வயசு பையன் வேற என்ன யோசிப்பான். ஆனா மத்தவங்களுக்காக இதை இங்கயே சொல்லிடுறேன்: 1989-லயே பரமானந்த் கட்டாரா வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, போலீஸ் கேஸா இருந்தாலும் அரசு டாக்டரோ பிரைவேட் டாக்டரோ உயிரைக் காப்பாத்துற வைத்தியத்தை முதல்ல பண்ணணும், சடங்கெல்லாம் அப்புறம். ஆஸ்பத்திரி வாசல்ல நடந்ததை நடந்தபடியே சொல்லுங்க.

உங்க ஏ.ஆர். காப்பியை நீங்க முதல் வரியோட நிறுத்திட்டீங்க. கீழே காயங்களோட பட்டியல்ல மூணாவது வரியைப் படிச்சீங்களா? கழுத்தோட பின்பக்கமும் இடது பக்கமும் கோடு மாதிரி சிராய்ப்புன்னு டாக்டர் எழுதியிருக்காரு, நீளம் சென்டிமீட்டர்ல போட்டிருக்காரு. வண்டியிலேருந்து தானா தவறி விழுந்தவங்களுக்கு முட்டி தேயும், முழங்கை தேயும், இடுப்பு உடையும். கழுத்தைச் சுத்தி கோடு விழாது. செயினை இழுத்தாதான் அந்தக் கோடு. முதல் வரி உங்க தம்பி வாயால சொன்னது, அதனாலதான் டாக்டரே "கூறப்படுகிறது"ன்னு போட்டிருக்காரு. மூணாவது வரி டாக்டர் கண்ணால பாத்தது. ரெண்டுல எதுக்கு எடை ஜாஸ்திங்கறது விசாரிக்கிறவங்களுக்குத் தெரியும், நீங்க அந்த வரிக்குக் கீழ பென்சில்ல ஒரு கோடு போட்டு மனுவோட வச்சா போதும்.

அதோட மூணு காரியம் பண்ணுங்க. தம்பி ஒரு பிரமாண வாக்குமூலம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கட்டும், நான்தான் பயத்துல அப்படிச் சொன்னேன், இன்ன காரணத்துக்காகன்னு ரெண்டு பாரா போதும். ஸ்டேஷன்ல அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் விசாரணை அதிகாரி வாக்குமூலம் எழுதினாங்களான்னு கேளுங்க, எழுதலேன்னா எழுதச் சொல்லி ஒரு மனு கொடுத்து ரசீது வாங்குங்க. மூணாவது, ஆஸ்பத்திரியில போய் ஏ.ஆர்.ஐ மாத்திக் கொடுங்கன்னு கேட்டு நிக்காதீங்க, யாராவது மாத்தித் தர்றேன்னு சொன்னாலும் வேண்டாம். அடிச்சுத் திருத்தின காகிதம் வந்தா நல்லா இருக்குற மூணாவது வரி மேலயும் சந்தேகம் வந்துடும்.

எஃப்.ஐ.ஆர். காப்பியில ஒரு குறை பாத்தேன். பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ். சட்டத்தோட 304, அதாவது பறிப்பு, அது மட்டும்தான் போட்டிருக்காங்க. அந்தப் பிரிவுல காயம் வராது. புகார்ல அம்மா கீழே விழுந்து இடுப்பு உடைஞ்சது எழுதியிருந்தும் பிரிவு அப்படியே நிக்குது. கொள்ளையடிக்கும்போது காயம் ஏற்படுத்தறதுக்கு 309-ஓட ஆறாவது உட்பிரிவு இருக்கு, கொடுங்காயத்துக்கு 117 இருக்கு. காயச் சான்றிதழ் ஸ்டேஷனுக்கு வந்த பிறகு செக்‌ஷனை ஆல்டர் பண்ணி கோர்ட்டுக்கு ரிப்போர்ட் அனுப்புறது சாதாரணமா நடக்குறதுதான், அதைக் கேட்டு இன்ஸ்பெக்டருக்கு எழுத்துல மனு கொடுங்க, பதில் இல்லேன்னா எஸ்.பி.க்கு பதிவுத் தபால். இழப்பீட்டு மனு இதுக்காகக் காத்திருக்க வேண்டியதில்ல, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நடக்கட்டும்.

இழப்பீடு கேட்டா போலீஸ்காரங்க கோவிச்சுக்கிட்டு தேடுறதை விட்டுடுவாங்களோன்னும் ஒரு வரி எழுதியிருக்கீங்க. இல்ல. இது போலீஸ் மேல கொடுக்குற புகார் இல்ல, அவங்க கையிலேருந்து போற காசும் இல்ல. இழப்பீடு வாங்கினா கேஸை சமாதானம் பண்ணிக்கிட்டதாவும் ஆகாது, நாளைக்கு ஆளு சிக்கினா கேஸ் அது பாட்டுக்கு நடக்கும், அப்ப கோர்ட் தனியா ஏதாவது கொடுக்கச் சொன்னா முன்னாடி வாங்கினதைக் கணக்குல எடுத்துக்குவாங்க. இன்னொண்ணு, விசாரணை எந்த நிலையில இருக்குன்னு 90 நாளைக்குள்ள புகார் கொடுத்தவங்களுக்குச் சொல்லணும்னு பி.என்.எஸ்.எஸ். 193-வது பிரிவுல இருக்கு. 14 மாசம் ஆச்சு, உங்களுக்கு ஒரு காகிதமும் வரல. அதைக் குறிப்பிட்டு நிலவரம் கேளுங்க, கண்டுபிடிக்க முடியலன்னு எழுத்துல வந்தா அந்தக் காகிதமே உங்க மனுவுக்கு பலம்.

அந்த ரெண்டு பேர் சொன்ன யோசனை

15,000 கேட்டவரை விட்டு விலகிடுங்க. இந்த மனுவுக்கு ஃபீஸ் கிடையாது. பெண்ணுங்கற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவா இருந்தாலும், 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்தோட 12-வது பிரிவுல உங்க அம்மாவுக்கு இலவச வக்கீல் உண்டு. 15100-ன்னு ஒரு நம்பர் இருக்கு, கூப்பிட்டா சொல்லுவாங்க. 10 லட்சம்ங்கறது அந்த அட்டவணையில உயிரிழப்புக்கும் கூட்டு பாலியல் வன்கொடுமைக்கும் இருக்குற உச்ச வரம்பு, இடுப்பு முறிவுக்கு அதைச் சொல்றவர் ஒண்ணு தெரியாம சொல்றாரு இல்ல தெரிஞ்சே ஏமாத்துறாரு. திருவையாறு பக்கத்துலேருந்து ஒரு அம்மா ரெண்டு வருஷம் முன்னாடி என்கிட்ட வந்தாங்க, இதே மாதிரி ஒருத்தர்கிட்ட தோட்டை அடகு வச்சு 20,000 கொடுத்திருக்காங்க, போய்ப் பாத்தா மனுவே எங்கயும் போடல. அவரை நம்பிக் காத்திருந்ததுல அவங்களுக்கு இருந்த கெடுவும் பாதிக்கு மேல ஓடிடுச்சு.

ரெண்டாவது ஆள் சொன்னது இன்னும் மோசம், இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. "யாரோ ஒரு வண்டி இடிச்சதுன்னு சொல்லி மோட்டார் வாகன கேஸா போட்டா 8 லட்சம் வரும், ஏ.ஆர். காப்பியும் ஒத்துப்போகுது"ன்னு அவர் சொன்னப்ப உங்களுக்கு அது நியாயமாக்கூட பட்டிருக்கும், ஏன்னா கடன் கழுத்தை நெரிக்குது. ஆனா என்ன ஆகும்னு யோசிங்க. உங்க அப்பா செயின் பறிப்புன்னு எஃப்.ஐ.ஆர்.ல கையெழுத்துப் போட்டிருக்காரு. அதே அப்பா விபத்து இழப்பீட்டு கேஸை விசாரிக்கிற ட்ரிப்யூனல்ல வேற கதை சொன்னா, இன்சூரன்ஸ் கம்பெனி முதல் வேலையா அந்த எஃப்.ஐ.ஆர்.ஐ எடுத்து வைக்கும். அப்புறம் பொய் சாட்சி, மோசடின்னு அப்பா மேலயே கேஸ் வரும். நிஜமா நடந்த பறிப்பும் பொய்யா ஆயிடும், திருடன் நாளைக்குப் பிடிபட்டாலும் "இவங்களே ஆக்சிடென்ட்னு சொன்னவங்கதானே"ன்னு அவன் வக்கீல் கேப்பாரு. இழப்பீட்டுத் திட்டத்துலயும் பொய்யான தகவல் கொடுத்து வாங்கினது தெரிஞ்சா வட்டியோட திரும்ப வாங்குவாங்க. உங்ககிட்ட உண்மை இருக்கு, அதுக்கு கழுத்துல விழுந்த கோடு சாட்சியா இருக்கு. அதை 8 லட்சம்னு ஒருத்தர் வாயால சொன்ன கணக்குக்கு விட்டுடாதீங்க.

மனு எப்படி எழுதறது

பெரிய சட்ட வார்த்தை எதுவும் வேண்டாம். அம்மா பேர்ல, அம்மா சொல்ற மாதிரி எழுதுங்க. எத்தனை மணிக்கு எங்க போனாங்க, என்ன நடந்துச்சு, எங்க வைத்தியம், அதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு என்ன கூலி, இப்ப என்ன முடியல. "முன்னே ஒரு நாளைக்கு இத்தனை கவுளி கட்டுவேன், இப்போது தரையில் உட்கார முடியவில்லை, கழிவறைக்குப் போகவும் ஆள் துணை வேண்டும்"னு எழுதினா படிக்கிறவங்களுக்குப் புரியும். "வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டு மிகுந்த மன உளைச்சலில் உள்ளேன்"னு ஃபார்ம்ல இருக்குற வரி எல்லா மனுவுலயும் இருக்கும், அது யாரையும் தொடாது. கையெழுத்து அம்மாவோடது, போட முடியலேன்னா கைநாட்டு, பக்கத்துல ரெண்டு சாட்சி.

கேக்குறப்ப பெண்களுக்கான 2018 திட்டத்தின்படின்னு முதல்ல போட்டு, இல்லேன்னா 2013 தமிழ்நாடு பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தின்படி எது பொருந்துமோ அதுன்னு சேத்துக்குங்க. இந்தத் திட்டம் உங்களுக்கு வராதுன்னு ஒரே வரியில தள்ளுபடி பண்றதுக்கு அது இடம் கொடுக்காது. கூடவே இடைக்கால நிவாரணமும் கேளுங்க, முழு விசாரணை முடியற வரைக்கும் காத்திருக்காம ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரம் இருக்கு. வட்டிக் கடன் ஓடிட்டு இருக்குன்னு காரணத்தையும் எழுதுங்க.

சேக்க வேண்டிய காகிதம்: எஃப்.ஐ.ஆர். காப்பி (புகார்தாரருக்கு இலவசமாவே கொடுக்கணும், இணையத்துலயும் எடுக்கலாம்), ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே ரிப்போர்ட், ஒரிஜினல் பில்கள், ஊனச் சான்றிதழ், மனநல ஓ.பி. சீட்டு, ஆதார், ரேஷன் கார்டு, அம்மா பேர்ல இருக்குற பேங்க் பாஸ்புக். ஜாயின்ட் அக்கவுண்ட் வேண்டாம், அம்மா பேர்ல மட்டும் ஒண்ணு இல்லேன்னா இப்பவே ஆரம்பிங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஏதாவது கிடைச்சிருந்தா அதை மறைக்காதீங்க. உங்களுக்கு அந்த ஆஸ்பத்திரி அதுல இல்லாததால ஒண்ணும் வரலன்னு எழுதியிருக்கீங்க, அதையே மனுவுலயும் எழுதிடுங்க. அடுத்து பிளேட் எடுக்குற ஆபரேஷன் வந்தா அந்தக் கார்டை எடுத்துக்கிற ஆஸ்பத்திரியிலயே பண்ணுங்க, வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் அதுல உண்டு.

கெடு பத்தி. 2018 திட்டத்துல குற்றம் நடந்து மூணு வருஷம், இல்லேன்னா கோர்ட்ல வழக்கு விசாரணை முடிஞ்சு மூணு வருஷம். உங்களுக்கு 2028 ஜனவரி வரைக்கும் இருக்கு, ஆனா அவ்வளவு நாள் இழுக்க ஒரு காரணமும் இல்ல. மனு கொடுத்த அன்னைக்கே ரெண்டாவது பிரதியில சீல் போட்டு வாங்குங்க, நம்பர் இல்லாத மனுவைத் தொடர்ந்து கேக்க முடியாது. நிராகரிச்சாலோ ரொம்பக் குறைவாக் கொடுத்தாலோ அப்பீல் இருக்கு, 2018 திட்டத்துல அதுக்கு உத்தரவு நகல் கையில வந்து 30 நாள்தான் கெடு. அதுக்கும் மேலன்னா ஹைகோர்ட், தஞ்சாவூர் ஜில்லா கேஸ்ங்கறதால அது மதுரை பெஞ்சுக்குப் போகும். நீங்க திருவாரூர் ஜில்லாக்காரங்க, அங்க உள்ள கேஸ் சென்னைக்குப் போறதால உங்களுக்கு யாராவது சென்னை வக்கீலைக் கைகாட்டினா குழம்பாதீங்க.

பணம் வந்தா முழுசும் ஒரே நாள்ல கையில வராது, இதையும் முன்கூட்டியே வீட்டுல சொல்லி வைங்க. அந்தத் திட்டத்துல 75 சதவீதத்தை குறைஞ்சது மூணு வருஷம் ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டுட்டு 25 சதவீதத்தைத்தான் உடனே எடுக்க விடுவாங்க. கடன்காரங்ககிட்ட முழுத்தொகையையும் சொல்லி வாக்கு கொடுத்துட்டா அப்புறம் சண்டையாகும். வைத்தியத்துக்கு அவசரமாத் தேவைன்னா டெபாசிட்லேருந்து முன்னாடியே எடுக்க ஆணைக்குழுகிட்ட கேக்கலாம், டாக்டர் சீட்டோட.

கடைசி கேள்வி, அம்மாவைத் தூக்கிட்டுப் போகணுமான்னு. மனு கொடுக்குற அன்னைக்கு வேண்டாம். அம்மா கையெழுத்துப் போட்ட மனுவை நீங்களோ அப்பாவோ கொண்டுபோய் கொடுக்கலாம். விசாரணைக்கு ஒரு நாள் கூப்பிடலாம், அப்ப வர முடியாத நிலைன்னா வாக்கர்ல இருக்காங்கன்னு முன்னாடியே எழுதிக் கொடுத்து, வீட்டுக்கு ஆளனுப்பி விசாரிக்கச் சொல்லிக் கேளுங்க, சட்டப்பணிகள் ஆணைக்குழுவோட தன்னார்வலர்கள் கிராமத்துக்கு வந்து பாக்குறது உண்டு. ஊனச் சான்றிதழுக்கு மட்டும் அம்மா நேர்ல போய்த்தான் ஆகணும், அந்த ஒரு நாளைக்கு ஆட்டோ வைங்க, எக்ஸெல் வேண்டாம். அது முடிஞ்சதும் காகிதம் எல்லாத்தையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் போட்டு எனக்கு ஒரு செட் அனுப்புங்க, மனுவை நான் ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு சொல்றேன், அப்புறம் கொண்டுபோய் கொடுங்க.